தைத்த கப்பலும் பழைய கடல்வழியும்

முன்னோர் ஒரு காலத்தில் சென்ற வழியைத் தேடிப் பிடித்து, அவர்கள் சென்ற விதமாகவே தாமும் சென்று பார்க்க வேண்டும் என்று புறப்படுகிறவர்களின் நூல்களைப் படிக்கும்போது, முற்பாதியில் வரும் ஆயத்தங்களை அவசரமாகப் புரட்டித் தள்ளிவிட்டு, புயலும் சுறாவும் வரும் பிற்பாதிக்குத் தாவிவிடுவது நம்மில் பெரும்பாலோருடைய வழக்கம். என் அபிப்பிராயத்தில் அந்த முற்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. காசிக்குச் செல்கிறவர் கால்நடையாகப் போனாலும் ரயிலில் போனாலும் கங்கையில் முழுகினால் போதும். பழைய வழியொன்றைச் சோதிக்கப் புறப்பட்டவருக்கோ சேருமிடத்தைக் காட்டிலும் செல்லும் சாதனமே பிரதானம். எந்த மரத்தால் கப்பல், எந்தக் கயிற்றால் கட்டு, எந்த மாதத்துக் காற்றில் பிரயாணம் என்னும் கேள்விகளுக்கு விடை காணாமல் அவர் கரையை விட்டு ஓர் அடி நகர முடியாது. அந்த விடைகளைத் தேடி அலையும்போதுதான் பழைய நூல்கள் எவ்வளவு சொல்லுகின்றன, எவ்வளவு சொல்லாமல் விட்டுவிடுகின்றன என்பதும் வெளிப்படுகிறது.

ஓமன் நாட்டிலிருந்து சீனத்துக் காண்டன் துறைமுகம் வரையில் 1980-81ஆம் ஆண்டுகளில் ஸோஹார் என்னும் பாய்க்கப்பல் சென்ற பிரயாணம் இதற்குத் தக்க உதாரணம். ஏறத்தாழ 6,000 மைல் தூரத்தை அது சுமார் எட்டு மாதத்தில் கடந்தது. அதற்கு முன் நடந்த ஆராய்ச்சிக்கும் ஆயத்தத்துக்கும் மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த காரியங்களில் மலையாளக் கரைக்கும் இலட்சத்தீவுகளுக்கும் பங்குண்டு; நம்முடைய மண்டபம் கடற்கரைக்கும் அதில் ஒரு சம்பந்தம் உண்டு என்பதைத் தமிழர்களில் அறிந்தவர் சிலரே.

முதலில் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 851இல் அரபு மொழியில் தொகுக்கப்பெற்ற சீன, இந்திய நாடுகளைப் பற்றிய குறிப்பு நூலொன்றில், பாரசீகக் கடற்கரையில் இருந்த ஸீராப் பட்டினத்திலிருந்து சீனம் வரையில் உள்ள துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஸீராப்பில் சரக்கேற்றிய கப்பல்கள் மஸ்கட்டுக்கு வந்து அங்குள்ள கிணற்றில் நன்னீர் நிரப்பிக்கொண்டு, நேரே இந்தியாவின் கொல்லத்தை நோக்கிப் புறப்படும். காற்று நடுத்தரமாக இருந்தால் அது ஒரு மாதப் பிரயாணம். சீனம் செல்லும் கப்பல்களிடம் கொல்லத்தில் 1,000 திர்ஹம் சுங்கம் வாங்கினார்கள். அங்கிருந்து நிக்கோபார்த் தீவுகளைத் தொட்டு மலாய்க் கரையில் இருந்த கலாஹ் துறைக்கு இன்னொரு மாதம். அதன்பின் தியோமான் தீவு, சம்பா நாடு என்று பத்துப் பத்து நாட் பிரயாணமாகச் சென்று, சீனத்தின் வாயில் என்று மாலுமிகள் வழங்கிய பாறைத்தீவுகளின் இடையே நுழைந்து, கான்பு என்று அவர்கள் அழைத்த காண்டனை அடைவார்கள். பாக்தாதின் செல்வமும் தாங் வம்சத்துச் சீனத்தின் பட்டும் பீங்கானும் ஒன்றையொன்று தேடிக்கொண்ட காலம் அது. சிந்துபாதின் கதைகள் அந்த வழியில் போய் வந்த வியாபாரிகள் கொண்டுவந்த செய்திகளும் பொய்களும் கலந்து திரண்டவை; அவற்றில் ஸரந்தீபம் என்று வருவது இலங்கையேயாம்.

வழி இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்க, கப்பலைப் பற்றி மட்டும் அந்நூல்கள் சிக்கனமாகவே பேசுகின்றன. தாம் தினந்தோறும் கண்ட பொருளை யார்தாம் விவரித்து எழுதுவார்! வீட்டில் இட்டலி அவிக்கும் முறையை நம் புலவர் எவரும் பாடிவைக்காதது போலத்தான் இதுவும். எனினும் அங்கங்கே சில வரிகள் கிடைக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் ஸீராப் பட்டினத்து அபூ ஸைத் என்பவர், பலகைகளைத் தைத்துக் கப்பல் செய்வது தம் பக்கத்தாருக்கே உரிய வழக்கம் என்று குறித்திருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தி மிக ரசமானது: ஓமன் தேசத்தார் சிலர் தச்சுக் கருவிகளை எடுத்துக்கொண்டு தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வார்களாம், தென்னையை வெட்டி உலர்த்திப் பலகை அறுத்து, அதன் நாரைத் திரித்து அந்தப் பலகைகளைத் தைத்து, பாய்மரமும் பாயும் அதிலிருந்தே செய்து, கடைசியில் தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். 1183இல் செங்கடலைக் கடந்த ஸ்பெயின் தேசத்து யாத்திரிகர் இப்னு ஜுபைர், ஆணி ஒன்றுகூட இல்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டு, சுறா எண்ணெய் பூசப்பட்ட கப்பல்களைக் கண்டு எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஹோர்முஸில் அத்தகைய கப்பலைப் பார்த்த மார்க்கோ போலோ அதை மிக மட்டமான கப்பல் என்று வர்ணித்து, பல மூழ்கிப்போகின்றன என்றும் சேர்த்தார். வெனிஸ் நகரத்துக் கப்பல்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு நூலால் கட்டிய மரக்கலம் அற்பமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆணியிருக்க ஏன் தைத்தார்கள் என்னும் கேள்விக்குப் பழையோர் சொன்ன விடைகள் பலவிதம். கடலடியில் காந்தமலை உண்டு, இரும்பாணி உள்ள கப்பலை அது இழுத்துக்கொள்ளும் என்பது ஒன்று. இது மாலுமிகள் நிலத்தவரை மிரட்டச் சொன்ன கதை என்றே நான் நினைக்கிறேன். தைத்த கப்பல் பாறையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும், ஆணியடித்தது உடைந்துபோகும் என்று யாத்திரிகர் இப்னு பதூதா சொன்ன காரணத்தில் சாரம் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் அலைக்குள் புகுந்து வெளிவந்த மசூலாப் படகுகளை நினைத்துப் பார்த்தால் அது நமக்கு எளிதில் விளங்கும். இவையெல்லாவற்றையும்விட, இரும்பு விலையுயர்ந்த பொருளாகவும் தேங்காய் மட்டை வீசி எறியும் பொருளாகவும் இருந்த கரைகளில் தைப்பதே சிக்கனம் என்னும் சாமானிய நியாயம் முக்கியமாக இருந்திருக்கலாம்.

இந்த வழியைப் பின்பற்ற முற்பட்ட டிம் ஸெவரின் அஸ்ஸாமில் 1940இல் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டு மாணவராயிருந்தபோதே, 1961இல், தோழர்களுடன் மோட்டார் சைக்கிளேறி மார்க்கோ போலோவின் வழியே புறப்பட்டவர். சீனத்துக்குள் அனுமதி கிடைக்காமையால் அந்தப் பிரயாணம் அரைகுறையாக நின்றது. பிறகு 1976-77இல், அயர்லாந்துத் துறவி பிரெண்டன் தோற்படகில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார் என்னும் பழங்கதையைச் சோதிக்க, மரச்சட்டத்தின்மேல் 49 மாட்டுத்தோல்களைத் தைத்துப் போர்த்திய படகொன்றில் நியூபவுண்டுலாந்து வரையில் சென்று சேர்ந்தார். வழியில் பனிக்கட்டி கிழித்த இடத்தைத் தோலாலேயே ஒட்டுப்போட்டு மேலே சென்றார்கள். கிழிந்த இடத்தை நடுக்கடலில் ஊசி நூல் கொண்டு சரிசெய்யலாம் என்று நேரில் கண்ட மனிதருக்கு, தைத்த அரபுக் கப்பலின்மேல் நாட்டம் சென்றது இயல்புதான். ஓமன் தேசத்து ஸுல்தான் காபூஸ், தம் ஆட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவு வருவதை ஒட்டி, இந்த முயற்சிக்கு ஆதரவளித்தார். சிந்துபாத் பிறந்த ஊர் என்று ஓமானியர் உரிமை பாராட்டும் ஸோஹார் பட்டினத்தின் பெயரே கப்பலுக்கு வைக்கப்பட்டது. கட்டும் இடமாக, மரக்கலத் தச்சுக்குப் பேர்போன ஸூர் என்னும் கடற்கரை ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பணமும் இடமும் கிடைத்துவிட்டன, மரம் எங்கே? ஓமன் நாட்டில் பேரீச்சை உண்டு, கப்பற்பலகை தரும் காடு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இதே நிலைமைதான். அக்காலத்து அரபுக் கப்பல்கள் பெரும்பாலும் இந்திய மரத்தால் ஆனவை. ஆகவே பிரயாணத்தின் முதற்காரியமாகக் கப்பல் சேர வேண்டிய திசைக்கே கப்பல் கட்டுகிறவர் முன்னதாக வரவேண்டியதாயிற்று. மலையாளக் காடுகளில் அயினி மரத்தைத் தேடினார்கள். பலாவின் இனமாகிய அயினியின் பலகை கடல்நீரில் கெடாது நிற்பதென்று மேற்குக் கரைத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவருவது. அடியில் நெடுகக் கிடக்கும் ஏராவுக்கு ஒரே நீளமான நேர்மரம் வேண்டும். விலாவெலும்புபோல் உள்ளே நிற்கும் வங்குகளுக்கோ இயற்கையிலேயே வளைந்த கிளைகள் வேண்டும், ஏனென்றால் அறுத்து வளைத்த மரம் நாரறுந்து பலமிழந்துவிடும். யானை இழுக்க வெளியே வந்த மரம் மலையாளக் கரையில் கப்பலேறி, அரபிக் கடலைக் கடந்து ஸூருக்குச் சென்றது. பழைய வியாபாரத்தில் ஒரு பாதியாகிய மரவியாபாரம் இவ்வாறு கப்பல் மிதப்பதற்கு முன்பே ஒருமுறை திரும்ப நடந்துவிட்டது. அந்நாளைய ஓமானியர் தமக்குக் கப்பல் வேண்டுமானால் கேரளத்தையும் தீவுகளையும் அண்டியே வாழவேண்டியிருந்தது என்பதை எந்த ஏட்டுக்குறிப்பைவிடவும் இந்த ஒரு காரியம் நன்றாக விளக்குகிறது.

மரத்தைவிடக் கயிறு பெரும்பாடு. ஸோஹாரைத் தைக்க ஏறத்தாழ 400 மைல் நீளமான தென்னங்கயிறு, அதுவும் கையால் திரித்தது, வேண்டியிருந்தது. கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கும் கயிற்றை வாங்கிப் போட்டால் ஆகாதோ என்று கேட்கலாம். ஆகாது. நல்ல கயிற்றுக்கு மட்டையை மாதக்கணக்கில் உப்புநீரில் ஊறவிட வேண்டும். சதைப்பற்று அழுகிக் கரைந்து நார்மட்டும் நின்ற பிறகு எடுத்துத் தடியால் அடித்துத் தும்பாக்கி, அலசி உலர்த்தி, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டித் திரிக்க வேண்டும். அவசரத்துக்கு யந்திரத்தில் கிழித்தெடுத்த நார் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இழுத்துக் கட்டும்போது அறுந்துபோகும். கடலோரத்தார் நாரை முகர்ந்தும் விரலால் நெருடியுமே அது எந்த நீரில் ஊறியது என்று சொல்லிவிடுவார்கள். இத்தகைய கயிற்றுக்கு இலட்சத்தீவுகளே பெயர்போனவை. தீவாரின் கயிற்றைக் கண்ணனூர் அறைக்கல் அரசர்களும் பின்னர் ஆங்கிலேயரும் தங்களுக்கே உரிய சரக்காக வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அரிசி அளந்துவந்தார்கள் என்பது சரித்திரம். அந்த ஏகபோகம் தீவாருக்குச் செய்த அநியாயம் கொஞ்சமன்று. ஆனால் கயிறு திரிக்கும் தொழில் அங்கே அழியாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கயிறு கிடைத்த இடத்திலேயே தைப்பவரும் கிடைத்தார்கள். போர்ச்சுகீசியர் வந்த பின் மேற்குக் கரையிலும் அரபுக் கரையிலும் ஆணிக் கப்பல் பரவிவிட்டது. ஸூர் ஊர்த் தச்சர்கள் மரவேலையில் மகா சமர்த்தர்களாயினும் பெரிய கப்பலைத் தைக்கும் பழக்கம் அவர்களிடத்தில் ஓய்ந்துபோயிருந்தது. இலட்சத்தீவாரோ தம் தேங்காயையும் கயிற்றையும் கரைக்குக் கொண்டுபோய் அரிசி வாங்கிவரும் ஓடங்களைப் பரம்பரையாகத் தைத்தே வந்தவர்கள். ஆகவே அகத்தித் தீவிலிருந்து கயிற்று வேலைக்காரர் ஒரு கூட்டமாக ஓமனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். தம்முடைய முன்னோரின் கலையைக் காட்ட விரும்பிய ஒரு தேசம், அந்தக் கலையைக் கற்பிக்க அயல் தீவாரைத் தேடி அழைக்க நேர்ந்தது இதிலுள்ள விசித்திரம்.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று அருகிருந்து பார்ப்போம். ஆணிக் கப்பலில் முதலில் எலும்புக்கூடு போல் வங்குகளை நிறுத்திப் பிறகு பலகையடிப்பது வழக்கம். தைத்த கப்பலில் பலகைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்போடு விளிம்பு பொருந்த எழுப்பி, கப்பலின் வடிவம் வந்தபின்புதான் வங்குகளை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். ஆகவே விளிம்புகள் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு விளிம்பில் நிறம் தடவி மற்றதோடு அழுத்திப் பார்த்து, நிறம் ஒட்டிய மேடுகளை இழைத்து இழைத்துச் சரிசெய்வது தச்சனுடைய பொறுமைக்குச் சோதனை. இரண்டு பலகைகளும் பொருந்தியபின் விளிம்பையொட்டி வரிசையாகத் துளையிடுவார்கள். உட்புறத்தில் மூட்டுவாயின்மேல் தென்னந்தும்பைத் திரட்டிய நீண்ட திரணை ஒன்றைக் கிடத்துவார்கள். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே; உள்ளிருப்பவன் துளைவழியே கயிற்று நுனியைத் தள்ள, வெளியிருப்பவன் வாங்கி அடுத்த துளையில் திருப்பி அனுப்புவான். கயிறு ஒவ்வொருமுறை உள்ளே வரும்போதும் அதைக் கட்டையொன்றில் சுற்றி, நெம்புகோல்போல் அழுத்தி இழுத்து, தும்பு நசுங்கி மூட்டுவாயில் இறங்கும்படி தட்டுவார்கள். கயிறு தளர்ந்துவிடாதபடி, அடுத்த சுற்று வரும்வரையில் துளையில் முளை செருகி வைப்பார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. இடையில் பலகை இருக்கிறது. ஆகையால் தட்டும் ஓசையும் குரலுமே பாஷை. பின்னர் துளைகளை நாரால் அடைத்து, மரப்பிசினும் சுண்ணாம்பும் கலந்த மெழுகால் பூசுவார்கள். நீரில் இறங்கியதும் தும்பும் பலகையும் ஊறிப் பருத்து மீதமுள்ள இடுக்கையும் அடைத்துக்கொள்ளும். அடிப்புறத்தில் கப்பற்புழு துளைக்காமலிருக்கச் சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் பிசைந்து கையாலேயே அப்புவார்கள். உட்புறத்துத் தையலுக்கு அவ்வப்போது எண்ணெய் தடவிக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்த கயிறு இற்றுப்போகும்.

இவ்வாறு ஏறத்தாழ 80 அடி நீளமுள்ள கப்பலொன்றை 165 நாட்களில் முடித்தார்கள். ஆணி ஒன்றும் அதன் உடலில் இல்லை.

கப்பலைத் தைத்த தீவினரிடையே முன்னின்றவராக இன்று போற்றப்படுபவர் மினிக்காய்த் தீவில் 1938இல் பிறந்த அலி மணிக்பான். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே துறந்து தாமாகவே கற்றவர். 14 மொழிகள் அறிந்தவர் என்பர். 1960ஆம் ஆண்டையொட்டி நம் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கமர்ந்தார். தீவுகளின் மீனினங்களை அவர் அடையாளம் காணும் திறமையை மெச்சிய அந்நிலையத்து விஞ்ஞானி டாக்டர் ஸந்தப்பன் ஜோன்ஸ், மீன் இனமொன்றுக்கு அவருடைய பெயரையே சூட்டினார். இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள வேதாளை கிராமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அவரை, 2021இல் பத்மஸ்ரீ விருது கொடுத்து அரசு கௌரவித்தது. ஸோஹார் காண்டனை அடைந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின் வந்த கௌரவம் அது. பழைய வழியைப் பின்பற்றிய பிரயாணங்களில் நாயகனாகப் புத்தக அட்டையில் நிற்பவர் தலைவர் ஒருவரே. கயிற்றின் மறுநுனியைப் பிடித்தவர்களின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஸெவரின் அவர்களுடைய திறமையை மறைத்தவர் அல்லர். தம் நூலில் தீவாரின் கைத்திறனை மனமார வியந்திருக்கிறார். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

திசை காணும் உபகரணமும் ஆயத்தத்தில் ஓர் அங்கம். அரபு மாலுமிகள் கமால் என்று வழங்கியது, நடுவில் கயிறு கோத்த சிறு பலகை; அதன் அடிவிளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடித்து, கயிற்றின் எந்த முடிச்சு பற்களுக்கிடையில் வருகிறதென்று பார்த்தால், கப்பல் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இதே கருவியை இராப்பலகை என்ற பெயரால் பயன்படுத்தினார்கள் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் நேரில் பார்த்து எழுதிவைத்தார். ஸெவரின் இந்தப் பலகையைக் கப்பலில் சோதித்துப் பார்த்து, அதன் பிரயோஜனத்தைக் கண்டார். ஒரு சாண் பலகையும் ஒரு முழக் கயிறும் கொண்டு கொல்லத்தின் அட்சரேகையைப் பிடித்தவர்களை அலட்சியமாக எண்ணுவதற்கில்லை.

1980 நவம்பர் 23ஆம் தேதி, வாடைக்காற்று நிலைபெறும் பருவத்தில், ஸோஹார் மஸ்கட்டை விட்டுப் புறப்பட்டது. இலட்சத்தீவுகளில் தங்கி, கள்ளிக்கோட்டைக்கு வந்து, இலங்கையை அடைந்தது. அதன்பின்தான் தொல்லை. கச்சான் காற்றை எதிர்பார்த்துக் கிழக்கே சென்ற கப்பலுக்குக் காற்று வாரக்கணக்கில் ஒத்துழைக்கவில்லை. குடிநீர் குறைந்து, மழைநீரைப் பிடித்துச் சேர்த்தார்கள். நடுச் சமுத்திரத்தில் பெரிய பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமல் முறிந்தது. முறிந்ததை வெட்டித் திருத்திக் குறுகிய பாயோடு சுமத்ராவின் முனையை எட்டி, மலாக்கா ஜலசந்தி வழியே சிங்கப்பூரை அடைந்து, புயற்பருவம் முற்றுமுன் தென்சீனக் கடலைக் கடந்து 1981ஆம் ஆண்டு நடுவில் காண்டனுக்குள் நுழைந்தார்கள். பருமல் முறிந்தது; தையல் ஒன்றும் விடவில்லை.

இதனால் நிரூபணமானது என்ன என்று ஆராய்வது அவசியம். தைத்த கப்பலில் சீனத்துக்குப் போகலாம் என்பது நிச்சயமாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் கப்பல் இந்த அளவிலும் இந்தப் பாயமைப்பிலும்தான் இருந்தது என்பது நிச்சயமாகவில்லை. இத்தகைய சோதனைகளின் எல்லை இதுதான். அவற்றின் லாபமெல்லாம் சிறு விவரங்களில் இருக்கிறது. நார்வே தேசத்து ஹெயர்டால் 1969இல் எகிப்தியச் சித்திரங்களைப் பார்த்து நாணற்கப்பல் ஒன்றைக் கட்டியபோது, சித்திரத்தில் வளைந்த பின்பக்கத்தை இழுத்துப் பிடித்திருந்த கயிறு ஒன்று வெறும் அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள்; நடுக்கடலில் பின்பக்கம் தொய்ந்து நீரில் அமிழ, கப்பலையே கைவிட நேர்ந்தது. மறுவருஷம் கயிற்றைச் சேர்த்துக் கட்டிய இரண்டாங்கப்பல், பொலிவியாவின் டிடிகாகா ஏரிக்கரை நாணற்படகுக்காரர் கைவேலையால், 57 நாட்களில் பார்படோஸ் தீவை அடைந்தது. ஹவாய்த் தீவினர் 1976இல் ஹொகுலேயா என்னும் இரட்டைத் தோணியில் முன்னோர் வழியே தஹித்திக்குச் செல்ல விரும்பியபோது, நட்சத்திரமும் அலையும் பார்த்து வழிநடத்துபவர் தம்மிடையே எவரும் இல்லாமையால், மைக்ரோனீஷியாவில் ஸடவால் என்னும் சிறு தீவிலிருந்து மாவு பியாயிலுக் என்பவரை அழைத்து வந்தார்கள். நாகரிகம் ஓடிவந்து தொடாத மூலையொன்றில் யாரோ ஒருவர் அந்த வித்தையை வயிற்றுப்பாட்டுக்காக நடத்திக்கொண்டிருந்தமையால்தான் இவையெல்லாம் சாத்தியமாயின. அந்த ஒருவரும் போய்விட்டால் பணம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை.

ஸோஹாருக்குப் பின் இந்த முயற்சி நின்றுவிடவில்லை. ஜாவாக் கடலிலுள்ள பெலிதுங் தீவருகில் 1998இல் தாங் காலத்துச் சீனப் பாண்டங்கள் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிய கப்பலொன்று அகப்பட்டது. அதன் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. பாண்டமொன்றில் கி.பி. 826க்கு ஒத்த ஆண்டு எழுதப்பட்டிருந்தது. ஸெவரின் அனுமானத்தால் கட்டியதற்குப் பிரத்தியட்ச சாட்சியம் அதுவே. அதன் அளவுகளை ஆதாரமாகக் கொண்டு கட்டிய மஸ்கட்டின் ஆபரணம் என்னும் பொருள்படும் பெயருடைய கப்பல், 2010இல் கொச்சியையும் காலியையும் தொட்டுச் சிங்கப்பூர் சேர்ந்தது. அதைத் தைத்தவர்களிலும் கேரளத்தார் இருந்தார்கள். நம் நாட்டுக் கடற்படையும் அஜந்தாச் சித்திரம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு கவுண்டின்யா என்னும் தைத்த கப்பலைக் கேரளக் கைவினைஞர்களைக் கொண்டு கட்டி, 2025 மே மாதத்தில் கார்வாரில் படையில் சேர்த்துக்கொண்டது. ஸோஹாரோ மஸ்கட் நகரத்தில் சாலைகள் கூடும் வட்டமொன்றில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டிருக்கிறது.

இராஜேந்திர சோழனுடைய படை 1025ஐ ஒட்டிக் கடாரம் சென்றதன் ஆயிரமாவது ஆண்டை நினைத்து, அவ்வழியே நாமும் ஒருமுறை பாய்விரித்துச் செல்ல வேண்டும் என்று ஆர்வங்கொண்ட தமிழன்பர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். ஆசை நல்ல ஆசையே. ஆனால் பிடித்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி, சென்ற கலத்தில் ஆணி இருந்ததா, கயிறு இருந்ததா என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. துறைமுகம் கட்டப்படுமுன் சென்னையில் ஏறி இறங்கிய பிரயாணிகளையெல்லாம் அலைக்கப்பால் கொண்டு சேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அவற்றைத் தைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். தூத்துக்குடித் தோணிகளை வரைபடமே இல்லாமல் கண்ணளவில் கட்டிய மூத்த தச்சர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று வேதாளைக் கரையிலும் நாகப்பட்டினத்திலும் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். கடாரம் போகப் புறப்படும் இளைஞர்கள் நிதி திரட்டுவதற்கு முன்னால், நோட்டுப் புத்தகமும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு இந்தப் பெரியவர்களின் வீட்டு வாசலுக்குச் சென்று, ஏரா எத்தனை முழம், எந்த மரம், எந்த மாதம் வெட்டியது, கயிறு எங்கே ஊறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிவரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். கப்பல் பிறகு கட்டிக்கொள்ளலாம்.